மேடிசன் ஆற்றில் ஒரு நாள், அதற்கு முன்னால் ஆறு வாரம்

மீன் பிடிக்கக் கூட்டிப்போகிற கைடு போனில் மூன்றே கேள்விகள்தான் கேட்டார். தூண்டிலை 30 அடி தள்ளி எறிந்தால் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் விழுமா? காற்றில் எறிந்து பழக்கம் உண்டா? தொடையளவு ஓடுகிற தண்ணீரில் நின்றிருக்கிறீர்களா? நானோ 23 பொருள் கொண்ட ஒரு பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த ராட் (தூண்டில் கம்பு), எந்த ரீல் (லைன் சுற்றும் சக்கரம்), எந்த ஜாக்கெட் என்று கேட்பதற்குக் காத்திருந்தேன். "அதெல்லாம் படகில் இருக்கு. நீங்கள் கையைப் பழக்கிக்கொண்டு வாருங்கள், போதும்" என்று சொல்லி வைத்துவிட்டார். செப்டம்பர் மூன்றாவது சனிக்கிழமைக்கு ஆறு வாரம் இருந்தது.

இடம் மான்டனா மாநிலத்தில் மேடிசன் ஆறு. எல்லோஸ்டோன் பூங்காவுக்குள் ஃபயர்ஹோல், கிப்பன் என்ற இரண்டு ஆறுகள் கூடிப் பிறக்கிறது. ஹெப்கன் அணையைத் தாண்டி வடக்கே ஓடி, எனிஸ் என்ற சின்ன ஊரைத் தொட்டுக்கொண்டு போய், கடைசியில் ஜெஃபர்சன், காலட்டின் ஆறுகளோடு சேர்ந்து மிசௌரி ஆகிறது. நான் இருப்பது யூட்டா மாநிலத்தில், சால்ட் லேக் சிட்டியில். ஒரு படகில் கைடு போக இரண்டு பேர் மீன் பிடிக்கலாம். இரண்டாவது ஆள் என் மச்சான். தூண்டிலே பிடித்திராதவர், ஆனால் நாளும் தேதியும் குறித்து முன்பணம் கட்டியது அவர்தான்.

ஃப்ளை ஃபிஷிங் என்றால் என்ன என்று ஊரில் யாராவது கேட்டால் இப்படித்தான் சொல்வேன். சேரன்மகாதேவியில் தாமிரபரணியில் நாங்கள் போட்ட தூண்டிலில் கனம் நுனியில் இருக்கும்: ஈயக்குண்டு, புழு, முள். அந்தக் கனம் பறக்கும்போது தங்கூசி நரம்பையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். இங்கே தலைகீழ். நுனியில் இருப்பது இறகும் நூலும் சுற்றிய பொய்ப்பூச்சி. ஊதினால் பறந்துவிடும், எறிந்தால் காலடியில் விழும். அதனால் கனத்தை லைனுக்கே, அதாவது எறிகிற கயிற்றுக்கே, கொடுத்துவிட்டார்கள். ஐந்தாம் எண் லைன் என்றால் அதன் முதல் 30 அடி சுமார் 9 கிராம் எடை. நாம் எறிவது அந்த லைனை; பூச்சி அதன் வாலாகப் பின்னால் போகிறது. இது புரிந்தால் மற்றதெல்லாம் தானாக வரும் என்று எழுத ஆசைதான். வராது.

முதல் வாரம் லைன். என் ரீல் இரண்டு வருடமாக கராஜில் ஒரு பெயின்ட் டப்பாவுக்குப் பின்னால் கிடந்தது. உருவிப் பார்த்தால் லைன் முறுக்கு அச்சிலிருந்து விழுந்ததுபோலச் சுருள் சுருளாக வந்தது. ஒரு வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு. லைனை அதில் ஊறப்போட்டு, மைக்ரோஃபைபர் துணியில் பிடித்து மெதுவாக உருவினேன். துணியில் வந்த கரியைப் பார்த்தபோது, இந்த லைன் தண்ணீரில் மிதக்காமல் நுனி மூழ்கியது ஏன் என்பது தெரிந்தது. மிதக்கவைப்பது லைனின் மேல்பூச்சின் வேலை. அந்த மேல்பூச்சில் அழுக்கு உட்கார்ந்தால் தண்ணீர் அதைப் பிடித்துக்கொள்கிறது. மூன்று தடவை தண்ணீர் மாற்றினேன். பிறகு ஒரு நுனியை வேலிக்கம்பத்தில் கட்டி, 20 அடி 20 அடியாக இழுத்துப் பிடித்து அரை நிமிடம் வைத்திருந்தேன். சுருள் போய்விட்டது.

லைன் நுனியில் இருந்த வளையம் மட்டும் வெடித்திருந்தது. வெட்டிவிட்டு, லீடரை (லைனுக்கும் பொய்ப்பூச்சிக்கும் நடுவில் வரும் மெல்லிய நரம்பு) கட்ட ஒரு அடி தடித்த நைலானை நெயில் நாட் என்ற முடிச்சுப் போட்டு இணைக்க வேண்டும். அதற்கென்று ஒரு கருவி விற்கிறார்கள். நான் தீர்ந்துபோன பால்பாயின்ட் ரீஃபிலைக் கழுவி, இரண்டு அங்குலம் வெட்டி வைத்துக்கொண்டேன். லைனையும் குழாயையும் சேர்த்துப் பிடித்து, நைலானை ஆறு சுற்றுச் சுற்றி, மிச்ச நுனியைக் குழாய்க்குள் விட்டு, குழாயை உருவிவிட்டு இறுக்குவது. முதல் முடிச்சு வழுக்கிக்கொண்டு வந்தது. இரண்டாவதும். மூன்றாவதில்தான் தப்பு பிடிபட்டது. குழாயை உருவும்போது சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. கட்டைவிரல் நகத்தால் எல்லாச் சுற்றையும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, இரண்டு நுனியையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தால் நைலான் லைனின் பூச்சுக்குள் கடித்துக்கொண்டு உட்காருகிறது. நாலாவது நின்றது. கதவுக் கைப்பிடியில் மாட்டி என் எடையைக் கொஞ்சம் சாய்த்தும் பார்த்தேன்.

லீடர், அதன் மெல்லிய நுனியான டிப்பட், இவற்றின் கணக்கு ஆரம்பத்தில் எனக்குத் தலைசுற்றல். 4 எக்ஸ், 5 எக்ஸ் என்று போட்டிருப்பார்கள். 11-இலிருந்து அந்த எண்ணைக் கழித்தால் வருவது நரம்பின் விட்டம், அங்குலத்தின் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்று. 4 எக்ஸ் என்றால் ஆயிரத்தில் ஏழு, அதாவது 0.18 மில்லிமீட்டர் அளவு. எண் ஏற ஏற நரம்பு மெலிகிறது. முள்ளின் எண்ணும் அப்படியே: 16 சின்னது, 8 பெரியது. முள் எண்ணை மூன்றால் வகுத்தால் பொருத்தமான எக்ஸ் கிடைக்கும் என்பது வழக்கமான குறுக்குக் கணக்கு. 16-க்கு ஐந்து, 12-க்கு நான்கு. இதை மச்சானுக்கு ஒரு தடவை சொன்னேன், உடனே பிடித்துக்கொண்டார். ஆடிட்டர்.

அடுத்தது வேடர். பாதத்திலிருந்து மார்பு வரை ஒரே துணியாக வரும் நீர்புகாக் காற்சட்டை. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் ஆறு வாரத்தில் உருப்படியாகச் செய்த வேலை இது. போன தடவை போட்டபோது இடது முழங்கால் நனைந்திருந்தது. வியர்வை என்று நினைத்துவிட்டேன். மூச்சுவிடும் துணியில் செய்த வேடர் என்றால் ஓட்டை கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டு, மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைத் தெளிப்பானில் ஊற்றி, உள்துணியில் அடிக்க வேண்டும். ஓட்டை இருக்கும் இடத்தில் ஆல்கஹால் சவ்வைத் தாண்டி ஊறிப்போய், கரும்புள்ளியாகத் தெரியும். மற்ற இடமெல்லாம் வெளிர் சாம்பலாகவே இருக்கும். வாசலில், காற்றோட்டத்தில் வைத்துச் செய்தேன். அடுப்புப் பக்கம் இந்த வேலை ஆகாது.

முழங்காலில் ஒரு புள்ளி வரும் என்று எதிர்பார்த்தேன். முழங்காலில் ஒன்றும் இல்லை. தொடைக்கவட்டுத் தையலில் இரண்டு, இடது தொடையில் முள்வேலி கிழித்த மாதிரி ஒரு சின்னக் கோடு. தண்ணீர் தொடையில் நுழைந்து, கால்வழி இறங்கி, மடங்கும் முழங்காலில் போய்த் தேங்கியிருக்கிறது. மாடியில் ஒழுகினால் ஓட்டைக்கு நேர் கீழேயா சொட்டுகிறது? அதே கதைதான். புள்ளிகளைப் பேனாவால் வட்டமிட்டேன். ஆல்கஹால் நிமிடத்தில் காய்ந்து அடையாளம் மறைந்துவிடும் என்பதால் பேனாவைக் காதில் சொருகிக்கொண்டுதான் உட்கார வேண்டும்.

ஒட்டுவதற்கு அக்வாசீல் என்ற பசை. சுண்டுவிரல் நகமளவு வைத்து, தடவி, நாலு மணி நேரம் பொறுத்தேன். பொறுமை அவ்வளவுதான். குளியல்தொட்டியில் தண்ணீர் நிரப்பி, வேடரைப் போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்தேன். கதவைத் திறந்து பார்த்த மனைவி, "இங்க என்ன மீன் கிடைக்குதாம்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். பத்து நிமிடத்தில் தொடை ஈரம். எழுந்து பார்த்தால் பசை ஓரத்தில் தோசை மாதிரி எழும்பிக்கொண்டு நின்றது. இரண்டு தப்பு. கடினப்படுத்தும் திரவம் கலக்காவிட்டால் அந்தப் பசைக்கு ஒரு ராத்திரியாவது வேண்டும். அதைவிட முக்கியம், துணியைத் துடைக்காமல் பூசியிருந்தேன். மறுநாள் பழைய பசையை உரித்து, அதே ஆல்கஹாலால் தேய்த்துத் துடைத்து, காயவிட்டு, இந்தத் தடவை மெல்லிசாக, ஓட்டையைச் சுற்றி அரை சென்டிமீட்டர் தாண்டும்படி, உள்பக்கமாகத் தடவினேன். ஒரு முழு நாள் தொடவில்லை. தொட்டியில் அரை மணி நேரம் உட்கார்ந்து ஆபீஸ் மெயில் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை.

வேடரோடு ஒரு பெல்ட்டும் வரும். அழகுக்கு என்று நினைத்து மச்சான் கழற்றி வைத்திருந்தார். தடுக்கி விழுந்தால் மார்பு வழியாகத் தண்ணீர் உள்ளே பாய்வதைக் குறைப்பது அந்த பெல்ட்தான். இறுக்கிக் கட்டாமல் ஆற்றில் இறங்கக் கூடாது.

எறிந்து பழகியது பக்கத்துப் பூங்காவின் புல்வெளியில், சாயங்காலம். பூச்சிக்குப் பதிலாக நுனியில் ஆரஞ்சு நிற உல்லன் நூல் துண்டு. தீபாவளிக்கு வாங்கி மிஞ்சியிருந்த பேப்பர் தட்டுகளை 25, 30, 40 அடியில் கல் வைத்துப் பரப்பினோம். நாய் கூட்டிக்கொண்டு போகிறவர்களில் ஒருவர் பாக்கியில்லாமல் "ஏதாவது கடிச்சுதா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். எட்டாவது நாளுக்கு மேல் மச்சான் "ரெண்டு நாய் கடிச்சுது" என்று பதில் சொல்ல ஆரம்பித்தார்.

போனில் வீடியோ எடுத்துப் பார்த்தபோது என் குற்றம் தெரிந்தது. மணிக்கட்டு. லைன் பின்னால் முழுக்க நீளும் வரை காத்திருக்காமல், மணிக்கட்டை மடக்கி, கிரிக்கெட்டில் எல்லைக்கோட்டிலிருந்து பந்து எறிவதுபோல எறிந்துகொண்டிருந்தேன். பின்னால் சாட்டை சொடுக்கும் சத்தம் கேட்டால் அவசரப்பட்டீர்கள் என்று அர்த்தம். நிஜ மீன்பிடிப்பில் அந்தச் சத்தத்தோடு பூச்சி அறுந்துபோயிருக்கும். இதற்கு ஒரு வைத்தியம் உண்டு. ராடின் அடிக்கட்டையை முழுக்கைச் சட்டையின் கைக்குள் சொருகிக்கொண்டு எறிவது. மணிக்கட்டு மடங்க வழியில்லாமல் முழங்கையும் தோளும் வேலை செய்யும். ஒரு வாரம் அப்படி எறிந்தேன். பின்னால் ஒரு நிறுத்தம், லைன் நீள ஒரு மூச்சு, முன்னால் ஒரு நிறுத்தம். தேங்காய் உடைக்கப்போய் கடைசி நொடியில் நிறுத்துவதுபோல என்று மச்சானுக்குச் சொன்னேன். அவருக்கு என்னைவிடச் சீக்கிரம் வந்தது. முன்பழக்கம் இல்லாதவனுக்கு மறக்க வேண்டியது ஒன்றும் இல்லை.

காற்றுக்காகத் தனியாக நாள் பார்த்துப் போனோம். எனிஸ் பள்ளத்தாக்கின் காற்று பிரசித்தம். கைடு சும்மா கேட்கவில்லை. எதிர்க்காற்றில் பலம் கூட்டுவதைவிட லைனைத் தாழ்வாக, பக்கவாட்டில் விடுவது பலன் தருகிறது. தரையோரம் காற்று குறைவு. வலதுகைக்காரனுக்கு வலப்பக்கமிருந்து காற்று அடித்தால்தான் ஆபத்து: லைன் நேரே முகத்துக்கு வரும். இரண்டு தடவை உல்லன் நூல் காதில் அறைந்தது. அதில் முள் இருந்திருந்தால் என்று நினைத்த அன்றைக்கே, கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய் இடது தோள் பக்கமாக எறியப் பழகினேன். கண்ணாடியும் அன்றிலிருந்து கழற்றவில்லை. போலராய்டு கண்ணாடி தண்ணீருக்குள் பார்ப்பதற்கு என்பார்கள். கண் தப்பிப்பதற்கு என்பதுதான் முதல் காரணம்.

புல்வெளியில் கற்க முடியாதது ஒன்று உண்டு, மெண்டிங். உங்களுக்கும் பூச்சிக்கும் நடுவில் ஓடும் தண்ணீர் வேகமாக இருந்தால் லைன் வயிறு தள்ளிக்கொண்டு கீழே போகும். போகும்போது பூச்சியையும் இழுக்கும். சுதந்திரமாக மிதந்து வரும் பூச்சி திடீரென்று மோட்டார் படகு மாதிரி கோடு போட்டால் டிரௌட் மீன் நம்பாது. அந்த வயிற்றை மட்டும் ராட் நுனியால் தூக்கி மேல்நீர்ப்பக்கம் புரட்டிப் போட வேண்டும், பூச்சி அசையாமல். கட்டிலில் தூங்கும் குழந்தையை எழுப்பாமல் போர்வையைச் சரிசெய்வது மாதிரி. இதற்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை ப்ரோவோ ஆற்றுக்குப் போனோம். வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் இப்படி ஒரு டிரௌட் ஆறு இருப்பது யூட்டாக்காரர்களின் அதிர்ஷ்டம்.

தண்ணீரில் நடப்பதையும் அங்கேதான் பழகினோம். பாசி பிடித்த படித்துறையில் வழுக்கி விழுந்து வளர்ந்தவன் என்பதால் எனக்குப் பாதம் கொஞ்சம் சொன்னபடி கேட்டது. ஓட்டத்துக்குப் பக்கவாட்டில் நிற்பது, ஒரு காலை ஊன்றி உறுதியான பிறகே மறுகாலைத் தேய்த்து நகர்த்துவது, கையில் ஒரு கோல். கோலுக்கு என் பழைய பனிச்சறுக்குக் கம்பையே வெட்டி, கயிறு கட்டி, பெல்ட்டில் தொங்கவிட்டேன்.

ப்ரோவோவில் வேறொரு பழைய கெட்ட பழக்கமும் எழுந்து வந்தது. ஊரில் தக்கை முங்கினால் சுண்டுவோம். கெளுத்தி தலைக்கு மேல் பறந்து கரையில் விழும். இங்கே தக்கைக்குப் பதில் நுரைப்பூச்சி ஒன்று மேலே மிதக்கிறது, அதற்குக் கீழே நூலில் சின்ன நிம்ஃப் (தண்ணீருக்குள் இருக்கும் பூச்சிக்குஞ்சு மாதிரிக் கட்டிய பொய்ப்பூச்சி) தொங்குகிறது. மேற்பூச்சி முங்கினால் மீன். கண்ணுக்கு அதே காட்சி, கைக்கு அதே வெறி. சுண்டினேன். 5 எக்ஸ் நரம்பு சத்தமே இல்லாமல் அறுந்தது. மூன்று தடவை. ராடை வெறுமனே உயர்த்தினால் போதும் என்பது மூளைக்குத் தெரியும், கை பத்து வயதில் கற்றதைச் செய்கிறது. இதற்கு வைத்தியம் எதுவும் கிடைக்கவில்லை.

முடிச்சுகளை ராத்திரி டிவி முன்னால் போட்டேன். இரண்டே முடிச்சு: பூச்சி கட்ட க்ளின்ச், நரம்போடு நரம்பு சேர்க்க டபுள் சர்ஜன். க்ளின்ச் நாட் என்பது பெரியப்பா சொல்லிக்கொடுத்த ஐந்து சுற்று முடிச்சேதான் என்று தெரிந்தபோது சந்தோஷமாக இருந்தது. எச்சில் தொட்டு இறுக்கு என்பார். இங்கேயும் அதையே சொல்கிறார்கள், உலர்ந்த நைலான் உரசிச் சூடாகி பலம் குறையும் என்று காரணத்தோடு. ஆனால் எனிஸில் செப்டம்பர் விடியலில் குளிர் 2, 3 டிகிரிக்கு இறங்கும். அதனால் ஒரு கிண்ணத்தில் ஐஸ் தண்ணீர் வைத்து, கையை ஒரு நிமிடம் முக்கி எடுத்து, உடனே கட்டுவது. முதல் நாள் மூன்று நிமிடம் ஆனது. கடைசி வாரம் நாற்பது விநாடி. இந்தப் பயிற்சியைப் பார்த்துச் சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

பொய்ப்பூச்சியை நாமே கட்டிச் செய்வது அவசியமே இல்லாத வேலை. கைடு பெட்டி நிறைய வைத்திருப்பார். ஆசைக்குக் கட்டினேன். பெசன்ட் டெய்ல் நிம்ஃப், 16-ஆம் எண் முள்ளில் ஒரு டஜன். இங்கிலாந்தில் ஏவன் ஆற்றின் காவலராக இருந்த ஃபிராங்க் சாயர் உருவாக்கியது. அவர் நூலே இல்லாமல், மெல்லிய செப்புக் கம்பியையே நூலாகவும் கனமாகவும் வைத்துக் கட்டினார். ஃபெசன்ட் கோழியின் வால் இறகில் நாலைந்து இழை, ஒரு சாண் செப்புக் கம்பி, அவ்வளவுதான். கை சொல்வதைக் கேட்கும் என்றால் ஐந்து நிமிட வேலை. எனக்கு இருபது நிமிடம், முதல் மூன்றும் முதுகில் கூன் விழுந்த கொசு மாதிரி வந்தன.

இறகு தேடும்போது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. பழைய காலத்து சால்மன் பூச்சிகளில் கன்னத்தில் வெள்ளையும் மஞ்சளுமாக மெழுகு பூசியது போலப் பளபளக்கும் ஒரு பொட்டு இருக்கும். ஜங்கிள் காக் என்பார்கள். நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுச்சேவலின் கழுத்திறகு அது. பாபநாசம் மலையேறுகிறவர்கள் விடியற்காலையில் கேட்கிற அதே சேவல். இந்தியாவிலிருந்து ஏற்றுமதி செய்யத் தடை இருப்பதால் வெளிநாட்டில் வளர்த்த பறவைகளின் தோலைத்தான் இப்போது விற்கிறார்கள், விலையும் அதற்குத் தகுந்தபடி. வாங்கவில்லை. டிரௌட்டுக்கு அது தேவையும் இல்லை.

மிச்சத்தைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். வெளிமாநிலத்தவருக்கு மான்டனாவில் மீன்பிடிக்க உரிமம் ஒன்றல்ல, மூன்று சேர்த்து வாங்க வேண்டும்: இயற்கைவள உரிமம், அந்நிய நீர்வாழ் உயிரித் தடுப்பு அனுமதி, அப்புறம் மீன்பிடி உரிமம். கைடு வைத்தாலும் இது உங்கள் பொறுப்பு. உடையில் பருத்தி கூடாது. பருத்தியைப்போல உண்டா என்று வளர்ந்தவனுக்கு இது ஏறக் கஷ்டம்தான். ஆனால் நனைந்த பருத்தி காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளி உள்ளாடை, மேலே காற்றுத் தடுப்பு. அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் ஆற்றின் நீரோட்டத்தை இணையத்தில் போடுகிறது. கடைசி இரண்டு வாரம் தினமும் காலையில் அதைப் பார்ப்பேன். ஆயிரம் கன அடியைச் சுற்றியே நின்றது. மேட்டூர் நீர்வரத்து கேட்டு வளர்ந்த காதுக்கு ஆயிரம் கன அடி ஒரு பொருட்டே இல்லை. நேரில் தொடையளவு நின்று பார்த்த பிறகு அந்த அலட்சியம் போய்விட்டது.

கிளம்புகிற வாரம் அம்மா போன். "புரட்டாசி மொத சனிக்கிழமையா மீன் பிடிக்கப் போற?"

"பிடிச்சு விட்டுருவோம்மா. திங்க மாட்டோம்."

கொஞ்ச நேரம் பதிலே இல்லை. "அப்ப எதுக்குடா பிடிக்கீங்க?"

மச்சான் பக்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

வெள்ளிக்கிழமை இடாஹோ வழியாக வெஸ்ட் எல்லோஸ்டோன், அங்கிருந்து ஆற்றோரமாக வடக்கே. வழியில் குவேக் ஏரி. 1959 ஆகஸ்ட் 17 நள்ளிரவுக்குச் சற்று முன் நிலநடுக்கம். ஒரு மலைச்சரிவே பெயர்ந்து விழுந்து மேடிசனை அடைத்தது; அப்படி உண்டானதுதான் இந்த ஏரி. மொத்தம் 28 பேர் இறந்தார்கள், பலர் ஆற்றோரம் கூடாரம் போட்டுத் தூங்கியவர்கள். அன்று மூழ்கிய மரங்கள் இன்னும் தண்ணீருக்குள் மொட்டையாக நிற்கின்றன. மச்சான் வண்டியை ஓரமாக நிறுத்தினார். இருவரும் ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் காலை கைடு முதலில் கொண்டுபோனது குவேக் ஏரிக்கும் லயன்ஸ் பாலத்துக்கும் நடுவில். அந்தப் பகுதியில் படகில் போகலாம், ஆனால் படகில் இருந்துகொண்டு மீன் பிடிக்கக் கூடாது, இறங்கி நின்றுதான். போனில் கேட்ட மூன்றாவது கேள்வி அதற்குத்தான். அடியில் எல்லாம் உருண்டைக் கற்கள், பாசி, கால் வைக்கும் இடமெல்லாம் உருள்கிறது. வேடர் ஒழுகவில்லை. கைடு என் ராடைக் கையில் வாங்கி ஒரு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டு, மரியாதையாகப் படகில் சாய்த்து வைத்தார். காற்றுக்கு ஆறாம் எண் வேண்டும் என்று தன்னுடையதைக் கொடுத்தார். ஒரு முழு வாரம் நான் கழுவி, இழுத்து, முடிச்சுப் போட்ட லைன் அன்று நனையவே இல்லை.

என் முதல் மீன் டிரௌட் அல்ல, வைட்ஃபிஷ். சின்ன வாய், வெள்ளி உடம்பு, பார்க்கக் கெண்டை மாதிரி. கைடு உதட்டைப் பிதுக்கினார். இந்த ஆற்றில் அதற்கு மதிப்பில்லை. ஆனால் மதிய உணவின்போது அவரே சொன்னார்: எல்லோரும் தேடி வரும் பிரவுன் டிரௌட் ஐரோப்பாவிலிருந்து வந்தது, ரெயின்போ பசிபிக் கரையிலிருந்து. இரண்டையும் ஒருகாலத்தில் மனிதர்கள் கொண்டுவந்து விட்டார்கள். வைட்ஃபிஷ்தான் உள்ளூர்க்காரன். 1974-இலிருந்து மான்டனா ஆறுகளில் பண்ணை டிரௌட்டைக் கொண்டுவந்து விடுவதை நிறுத்திவிட்டதால், இப்போது இருப்பவை எல்லாம் ஆற்றிலேயே பிறந்தவை என்பதில் அவருக்குப் பெருமை.

லயன்ஸ் பாலத்துக்குக் கீழே படகிலிருந்தே எறிந்தோம். இரண்டு மணிக்குக் காற்று எழுந்தது. வலப்பக்கமிருந்து. மச்சான் முன்னிருக்கையில், நான் பின்னால். இடது தோள் பக்கமாக எறிந்த ஒவ்வொரு தடவையும் அந்தப் பூங்காவின் நாய்கள் ஞாபகம் வந்தன. 30 அடிக்கு மேல் எறிய ஒரு தடவைகூடத் தேவைப்படவில்லை. கரையோரம் வில்லோப் புதருக்குக் கீழே வெட்டுக்கிளிப் பூச்சி விழுந்து, மிதந்து, இரண்டு மெண்ட், அப்புறம் மஞ்சளாக ஒரு முதுகு எழும்பி அதை விழுங்கியது. மச்சானுடையது. பிரவுன், என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை நீளம். அவர் ராடை வெறுமனே உயர்த்தினார், அவ்வளவுதான். கைடு வலையில் ஏந்தி, கையை நனைத்துக்கொண்டு, தண்ணீரை விட்டு வெளியே எடுக்காமலே முள்ளை எடுத்துவிட்டார்.

நான் அன்று நான்கு டிரௌட்டைச் சுண்டி அறுத்தேன். இரண்டு கிடைத்தன. ஒன்று என் பெசன்ட் டெய்லில். கூன் விழுந்த மூன்றில் ஒன்றைத்தான் கைடு வேண்டுமென்றே எடுத்துக் கட்டினார். "நிஜப் பூச்சியும் இப்படித்தான் அலங்கோலமாக இருக்கும்" என்றார். அறுந்த ஒவ்வொரு தடவையும் குளிர்ந்த விரலால் நானே கட்டிக்கொண்டேன். ஐஸ் கிண்ணம் அங்கே பலித்தது. 23 பொருளில் வண்டியை விட்டு இறங்காதவை பதினாறு. கைடுக்குக் கட்டணத்தில் ஐந்தில் ஒரு பங்கு டிப்ஸ் கொடுப்பது இங்கே வழக்கம். அதைப் பணமாக எடுத்து வைத்திருந்தது மட்டும் பட்டியலில் உருப்படி.

வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு வேலை பாக்கி. நியூசிலாந்து மண் நத்தை என்று அரிசிமணியைவிடச் சின்னதாக ஒரு நத்தை மேடிசனில் பரவியிருக்கிறது. பெண் நத்தை ஆண் துணையில்லாமலே பெருகும். பூட்ஸின் ஈரச்சேற்றில் பல நாள் உயிரோடு இருக்கும். ஒன்றே ஒன்று ப்ரோவோவுக்கு வந்தாலும் போதும் (அங்கேயும் ஏற்கெனவே உண்டு, ஆனாலும் கணக்கு கணக்குதான்). 1994-இல் இதே மேடிசனில் மீன்களைத் தாக்கும் சுழல் நோய்க் கிருமி கண்டுபிடிக்கப்பட்டு ரெயின்போ கூட்டம் பெரும்பகுதி அழிந்ததிலிருந்து, சேற்றை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகக் கூடாது என்பதில் எல்லோரும் கறார். பிரஷ் போட்டுத் தேய்த்து, பூட்ஸ் கயிற்றை உருவிக் கழுவி, வேடரை நிழலில் தொங்கவிட்டேன். நத்தையைக் கொல்ல நல்ல வழி, பூட்ஸை ஒரு ராத்திரி உறையவைப்பது. இரண்டு பிளாஸ்டிக் பையில் சுற்றி, ஃப்ரீசரில் துருவிய தேங்காய்ப் பாக்கெட்டுகளை ஒருபக்கமாகத் தள்ளி இடம் பண்ணினேன்.

காலையில் சட்னி அரைக்க ஃப்ரீசரைத் திறந்த மனைவி என் பெயரை முழுசாக, இனிஷியலோடு கூப்பிட்டாள்.